எஞ்சின் துணியுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு ரேபிட் (குறைந்த நேர) செஸ் போட்டியில் ஆடினேன். எச்7 கட்டத்தில் மந்திரியை வெட்டக் கொடுத்து, குதிரையை ஜி5-க்கு ஏற்றி, ராணியை எச்5-க்குக் கொண்டுவந்து ஜெயித்தேன். எதிரே ஆடியவர் என்னைவிட 200 ரேட்டிங் புள்ளி மேலே. ஃபெரியில் பட்டர்வொர்த் திரும்பும்போது கைத்தொலைபேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலை, போட்டுப் பார்த்தேன். மந்திரி கொடுத்த இடத்தில் சிவப்பாக இரண்டு கேள்விக்குறி, பெரிய தப்பு என்று! அவர் ராஜாவை ஜி6-க்குக் கொண்டுவந்திருந்தால் நான் தோற்றிருப்பேனாம். முடிவு தெரியாமல் துணிந்து காய் கொடுக்கிற ஆட்டம் எஞ்சினுக்குப் புரியவே புரியாதா? சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். தாக்கி ஆடப் பழக்க எஞ்சினைக் காட்டலாமா, கூடாதா?

– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வாழ்த்து. 200 புள்ளி மேலே இருப்பவரை மந்திரியைக் கொடுத்து வீழ்த்துவது அடிக்கடி வாய்க்கிற காரியமில்லை.

எஞ்சினுக்குப் புரியாது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. கடைசிவரை கணக்குப் போடாமல், நிலை நமக்குச் சாதகம் என்ற நம்பிக்கையில் காயைக் கொடுப்பது ஒன்று. எதிராளி தடுமாறுவார் என்று எதிர்பார்த்துக் கொடுப்பது இன்னொன்று. முதலாவதை இன்றைய எஞ்சின்கள் நம்மைவிட நன்றாகவே செய்கின்றன. இரண்டாவதை, யாராவது வேலை மெனக்கெட்டுப் பழக்கினால் ஒழியச் செய்யாது.

பழைய எஞ்சின்களுக்கு முதலாவதும் வராது. சிப்பாய் 1, குதிரை 3, யானை 5 என்ற கூட்டல் கழித்தல்தான் அவற்றின் மதிப்பீட்டுக்கு அடிப்படை. எல்லா நகர்த்தலையும் ஒரே ஆழத்தில் தேட நேரம் போதாது என்பதால், உருப்படாது என்று தோன்றுவதை வரிசையின் கடைசிக்குத் தள்ளி, மேலோட்டமாகத்தான் பார்க்கும். காயைச் சும்மா தூக்கிக் கொடுப்பது முதல் பார்வையில் உருப்படாத நகர்த்தல்தானே! பலன் பத்து நகர்த்தல் தள்ளி இருந்தால் கண்ணிலேயே படாது. 1998-ல் லினாரெஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் டோபலோவுக்கு எதிராக இன்னொரு கிராண்ட்மாஸ்டரான ஷிரோவ் தன் மந்திரியை எச்3-ல் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு அது பிடிபடவில்லை. இத்தனைக்கும் அதில் சூதாட்டம் எதுவும் இல்லை, முழுக்கச் சரியான நகர்த்தல். (1997-ல் ஐபிஎம்-இன் டீப் புளூ கணினி, உலகச் சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் இ6-ல் குதிரையைக் கொடுத்ததே என்பீர்கள். அது மனிதர்கள் ஏற்றிவைத்திருந்த ஓபனிங் (தொடக்க நகர்த்தல்கள்) தொகுப்பிலிருந்து வந்தது.)

2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ என்ற புது எஞ்சின் வந்தது. ஸ்டாக்ஃபிஷின் 8-ஆம் பதிப்புடன் 100 ஆட்டம்: 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை. ஸ்டாக்ஃபிஷுக்குச் சரியான வசதி கொடுக்கவில்லை என்று அப்போது பெரிய சண்டை நடந்தது, அதை விடுங்கள். சிப்பாயையும் சில சமயம் பெரிய காயையும் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க அவசரப்படாமல், எதிராளியின் காய்களை மூலையில் முடக்கிவைத்து ஆடிய விதம்தான் எல்லாரையும் அசர வைத்தது. அதன் மதிப்பீடு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. தன்னோடு தானே ஆடிப் பழகியது. அதற்கடுத்து, ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு 2018-ல் உருவாக்கிய சிறிய நியூரல் நெட்வொர்க் (ஆட்டங்களிலிருந்து மதிப்பீட்டைத் தானே கற்கும்) முறையை ஸ்டாக்ஃபிஷும் 2020-ல், 12-ஆம் பதிப்பில், எடுத்துக்கொண்டது. ஆக, ஃபெரியில் உங்கள் கையில் இருந்ததும் காயை மட்டும் எண்ணுகிற பழைய ஆள் இல்லை.

அப்படியிருந்தும் ஏன் சிவப்புக் குறி? எதிரே இருப்பவரும் தன்னைப் போலவே ஆடுவார் என்றுதான் எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. குதிரை ஜி5-க்கு வந்து செக் வைத்ததும் ராஜா ஜி6-க்கு வருவதுதான் தற்காப்பு என்று அதற்குத் தெரியும். ஆனால் ராஜாவைக் காவல் இல்லாமல் நடுவெளிக்குக் கொண்டுவர எந்த மனிதருக்கு லேசில் மனம் வரும்? அதுவும் ரேபிட் ஆட்டத்தில்! உங்கள் எதிராளி ஜி8-க்கே திரும்பியிருப்பார். ராணி எச்5-க்கு வந்ததும் கதை முடிந்தது.

அதிரடித் தியாகங்களுக்குப் பேர்போன தால் வென்றதும், சரியான பதிலுக்கும் மனிதர் ஆடும் பதிலுக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான். 1960, மாஸ்கோ, அப்போதைய உலகச் சாம்பியன் போட்வின்னிக்குடன் உலகப் பட்டத்துக்கான 6-வது ஆட்டம். கறுப்பில் ஆடிய தால் 21-வது நகர்த்தலில் குதிரையை எஃப்4-ல் கொடுத்தார். அரங்கத்தில் எழுந்த இரைச்சலில் ஆட்டத்தை உள்ளறைக்கே மாற்ற வேண்டியதாயிற்று. 25-வது நகர்த்தலில் எஃப்3 சிப்பாயை மந்திரியால் வெட்டியிருந்தால் வெள்ளைக்குத்தான் வெற்றி என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். போட்வின்னிக்கோ ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டார், தோற்றார். போட்வின்னிக்கே கண்டுபிடிக்காத பதிலை நம் உள்ளூர்ப் போட்டியில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அதற்காக அந்தத் தியாகம் சரியாகிவிடாது. எஞ்சின் சொன்ன தீர்ப்பு தீர்ப்புதான். அது எதிராளியைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த இரண்டாவது வகையையும், எதிராளி தடுமாறுவார் என்று ஆடுவதையும், எஞ்சின்களுக்குப் பழக்கத் தொடங்கிவிட்டார்கள். லீலா எஞ்சினின் ஒரு வடிவம் குதிரை ஒன்று குறைவாகவே ஆட்டத்தைத் தொடங்குகிறது. காய்களை மாற்றிக்கொள்ளாமல் சிக்கலைக் கூட்டிக்கொண்டே போகும். வேக ஆட்டத்தில் கிராண்ட்மாஸ்டர்களே அதனிடம் தோற்றிருக்கிறார்கள்.

உங்கள் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம், கேள்விக்குறியை மட்டும் மறைத்துவிடுங்கள். ஒரே பதிலைக் காட்டும் அமைப்பை மாற்றி, எதிராளிக்கான முதல் ஐந்து பதில்களைக் காட்டச் செய்யுங்கள். ஐந்திலும் அவர் தப்பிக்கிறார் என்றால் அந்தத் தியாகம் வெறும் வீம்பு. ஒன்றில் மட்டும்தான் தப்பிக்கிறார், அதுவும் ராஜா ஜி6 மாதிரி கைவராத நகர்த்தல் என்றால், அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. அப்புறம் மாயா என்று ஒரு எஞ்சின் உண்டு. லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை வைத்து, 1100 முதல் 1900 வரை ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் தனித்தனியாகப் பழக்கியது. நம்மைப் போலவே தப்பும் செய்யும். தியாகம் செய்த நிலையை அப்படியே பலகையில் வைத்து அதோடு ஆடவிடுங்கள். ஒருமுறை தாக்குகிற பக்கம், அடுத்த முறை ராஜாவைக் காப்பாற்றுகிற பக்கம். இரண்டாவதைத்தான் பிள்ளைகள் விரும்ப மாட்டார்கள், ஆனால் விடாதீர்கள். போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் இதெல்லாம் வேண்டாம், எண்ட்கேம் (காய் குறைந்த கடைசிக் கட்டம்) பார்க்கட்டும்.