ரிங்டோன்: வாசகர் கேள்வியும் எங்கள் பதிலும்

காவடி விடுமுறை நெருங்கினாலே ரிங்டோன் கேள்விகள் வந்து குவிந்துவிடும். பலருக்கும் உதவக்கூடியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். நம் மொரீஷியஸில் பலருடைய போனில் மெனு பிரெஞ்சிலேயே இருப்பதால், தேவையான இடங்களில் அந்தப் பெயர்களையே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: காவடிச்சிந்து ஒன்று எம்பி3 ஆக இருக்கிறது. ஐபோனுக்கு எம்4ஆர் வேண்டும் என்றார்கள். கணினியில் கோப்பின் பெயரை அப்படியே மாற்றிவிட்டேன். ஆனாலும் ஐபோன் ஏற்க மறுக்கிறது. ஏன்? (ரோஸ் ஹில் வாசகர்)

மாற்றியது பெயரை மட்டும்தான். உள்ளே இருப்பது இன்னும் எம்பி3. எம்4ஆர் என்பது ஏஏசி முறையில் சுருக்கிய ஒலியை எம்பி4 உறைக்குள் வைத்த கோப்பு. எம்4ஏ கோப்பும் உள்ளே அதேதான். அதனால் எம்4ஏ-வின் பெயரை எம்4ஆர் என்று மாற்றினால் வேலை செய்யும், எம்பி3-ஐ மாற்றினால் செய்யாது.

விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் இருந்தால் வேறு எந்த மென்பொருளும் வேண்டாம். பாட்டை அதில் சேர்த்து, பாட்டின் விவரப் பக்கத்தில் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் கொடுங்கள். உதாரணமாக 1:02 முதல் 1:30 வரை. இறக்குமதி அமைப்பில் ஏஏசி தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு மாற்றும் மெனுவில் ஏஏசி பிரதி எடுக்கச் சொன்னால், 28 விநாடி நீளத்தில் அதே பெயரில் இன்னொரு பாட்டு பட்டியலில் வந்து நிற்கும். அதைக் கணினியின் முகப்புத் திரைக்கு இழுத்து வைத்து, பெயரின் வாலை (புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) எம்4ஆர் என்று மாற்றுங்கள். மூலப்பாட்டில் கொடுத்த நேரங்களை மறக்காமல் நீக்கிவிடுங்கள்; இல்லையென்றால் இனி அது 28 விநாடிதான் பாடும்.

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பு வாலை மறைத்தே காட்டும். நீங்கள் எம்4ஆர் என்று எழுதினாலும், கண்ணுக்குத் தெரியாத எம்4ஏ அதன் பின்னால் ஒட்டிக்கொண்டே இருக்கும். கோப்பு உலாவியின் பார்வை மெனுவில் கோப்பு வாலைக் காட்டும் கட்டத்தை டிக் செய்துவிட்டு, அதன்பின் பெயரை மாற்றுங்கள்.

இனி போனைக் கேபிளில் இணைத்து, ஐடியூன்ஸ் இடப்பக்கப் பட்டியலில் போனின் கீழே உள்ள டோன்ஸ் மேல் கோப்பை இழுத்துப் போடுங்கள். இழுத்து வராவிட்டால் கோப்பை நகலெடுத்து, டோன்ஸைச் சொடுக்கி, அங்கே ஒட்டிப் பாருங்கள். பல நேரம் அது கைகொடுக்கும். பிறகு போனில் ரெக்லாஜ் (அமைப்புகள்), சோன் எ விப்ராசியோன் (ஒலியும் அதிர்வும்), சோன்ரி (ரிங்டோன்) என்று போனால் பட்டியலின் மேலேயே இருக்கும். நீளம் 40 விநாடியைத் தாண்டினால் ஐடியூன்ஸ் அனுப்பாது.

ஐபோனின் இயங்குதளம் ஐஓஎஸ் 26 ஆக உள்ள போனுக்கு இந்தச் சுற்றெல்லாம் தேவையில்லை. 30 விநாடிக்குள் வெட்டிய எம்பி3 அல்லது எம்4ஏ கோப்பை ஃபிஷியே (கோப்புகள்) செயலியில் அழுத்திப் பிடித்து, பார்தாஜே (பகிர்) கொடுத்து, ரிங்டோனாகப் பயன்படுத்தும் தேர்வைத் தொட்டால் முடிந்தது.

மாதச் சந்தா கட்டிக் கேட்கும் செயலிகளில் தரவிறக்கிய பாட்டை மட்டும் எடுத்துவராதீர்கள். அது பூட்டிய கோப்பு. எந்த மாற்றியிலும் நேர்வழியில் திறக்காது.

கேள்வி: ஐபோனிலேயே கராஜ்பேண்ட் என்ற இசைச் செயலியில் செய்தேன். 25 விநாடிப் பகுதி போட்டும் 16 விநாடியில் நின்றுவிடுகிறது. (கியூர்பிப் வாசகி)

கராஜ்பேண்ட் புதுப் பாட்டுக்கு முதலில் எட்டுத் தாள அளவுகள்தான் இடம் தரும். அளவுக்கு நான்கு அடி, நிமிடத்துக்கு 120 அடி. எட்டை நான்கால் பெருக்கினால் 32 அடி, அதாவது சரியாக 16 விநாடி. மேலே வலது மூலையில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு, பகுதியின் நீளத்தைத் தானியங்கியாக மாற்றுங்கள். அதன்பிறகு பாட்டை உள்ளே இழுத்துப் போடுங்கள். முன்பே போட்டதை நீளத்தை மாற்றியபின் நீட்டப் பார்ப்பதைவிட, அழித்துவிட்டு மறுபடி போடுவது சுலபம். 30 விநாடிக்கு மேல் போனால் ஏற்றுமதியின்போது அது சுருக்கிவிடும்.

கேள்வி: ராவான் பறையின் அடியோடு தொடங்கும் சேகாப் பாட்டு ஒன்றை ஆண்ட்ராய்டு போனில் வைத்தேன். ஹெட்போனில் அதிர்கிறது; போன் மணி அடிக்கும்போது மராவான் கிலுகிலுப்பை குலுங்குவது மட்டும் கேட்கிறது. ஒலி கூட்டும் செயலியில் ஏற்றினால் கரகரக்கிறது. (மாயேபூர் வாசகர்)

கோளாறு கோப்பில் இல்லை, போனின் ஒலிபெருக்கியில். விரல்நுனி அளவுள்ள அந்தத் தகடு சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக ஒலிக்காது. ராவானின் கனமான அடி முழுக்க அதற்குக் கீழேதான் விழுகிறது. மராவானின் விதைச் சத்தமும் முக்கோணத்தின் கிணுகிணுப்பும் மேல் அலைவரிசையில் இருப்பதால் தப்பிவிடுகின்றன. தவிலில் வலந்தலை கேட்டு, தொப்பி காணாமல் போவதற்கும் இதுவே காரணம். நாதஸ்வரம் போனில் எப்போதும் நன்றாக எடுபடும்.

கரகரப்புக்கு வேறு காரணம். பாட்டுக் கோப்பு பெரும்பாலும் உச்ச அளவிலேயே பதிவாகியிருக்கும். அதற்குமேல் கூட்டினால் அலையின் தலை வெட்டுப்படும். அந்த வெட்டுதான் கரகரப்பு. ஒருமுறை வெட்டிச் சேமித்துவிட்டால் பிறகு ஒலியைக் குறைத்தாலும் போகாது. மூலக்கோப்பிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

கணினியில் ஒலியை வெட்டித் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் இப்படிச் செய்யுங்கள். ராவான் தனியாக அடிக்கும் முகப்பை விட்டுவிட்டு, குரலும் முக்கோணமும் சேரும் இடத்தில் வெட்டுங்கள். இரு தடங்களை ஒன்றாகக் கலந்து மோனோ ஆக்குங்கள். ஹை-பாஸ் வடிகட்டியை 250 ஹெர்ட்ஸில் போடுங்கள். ஹெட்போனில் பாட்டு சப்பென்று கேட்கும், பயப்பட வேண்டாம். ஒலிக்க முடியாத கீழ் அலையை எடுத்துவிட்டதால் கேட்கும் பகுதியை உயர்த்த இடம் கிடைத்துவிட்டது. இப்போது நார்மலைஸ் கொடுத்து உச்சத்தை −1 டெசிபலில் நிறுத்துங்கள். தொடக்கத்தில் கால் விநாடி மட்டும் மெல்ல ஏறட்டும். ஐந்து விநாடி ஏறவிட்டால் பாதிப் பேர் மணி அடிப்பதையே கவனிக்க மாட்டார்கள். வெட்டிய இடத்தில் டிக்கென்ற சத்தம் வந்தால், தேர்வு செய்தபின் இசட் விசையை அழுத்துங்கள். வெட்டு அலையின் பூஜ்யப் புள்ளிக்கு நகரும்.

சோதனையை ஹெட்போனில் செய்யாதீர்கள். போனைப் பைக்குள் வைத்து, அடுத்த அறையிலிருந்து யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: பேத்தி வாட்ஸ்அப்பில் “தாத்தா, போன எடுங்க” என்று அனுப்பிய குரலை ரிங்டோனாக்க ஆசை. பட்டியலிலேயே வரவில்லை. (திரியோலே வாசகர்)

வாட்ஸ்அப் குரல் செய்தி ஓபஸ் வகைக் கோப்பு. பல போன்களின் ரிங்டோன் பட்டியல் அந்த வாலைக் காட்டாது. தவிர, குரல் செய்திகள் இருக்கும் கோப்புறை மற்ற செயலிகளின் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டது.

செய்தியை அழுத்திப் பிடித்து, உங்கள் மின்னஞ்சலுக்கே பகிர்ந்து, அங்கிருந்து தரவிறக்குங்கள். அதை எம்பி3 அல்லது ஓஜிஜி ஆக மாற்றுங்கள். பேச்சுக்கு மோனோவில் 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) தாராளம். 320 போட்டால் கோப்பு பெருக்குமே தவிர, பதிவில் இல்லாத தெளிவு புதிதாக வந்துவிடாது.

மூன்று விநாடிக் குரல் இடைவெளியின்றித் திரும்பத் திரும்ப ஒலித்தால் பேத்தி குரலே ஆனாலும் எரிச்சல்தான். கடைசியில் ஒன்றரை விநாடி மௌனம் சேர்த்துவிடுங்கள். பிறகு போனின் உள் நினைவகத்தில் ரிங்டோன்ஸ் என்ற கோப்புறைக்குள் கோப்பை வையுங்கள். உடனே பட்டியலில் வராவிட்டால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மெமரி கார்டில் வைக்காதீர்கள். கார்டைக் கழற்றினால் பழைய மணிக்கே போய்விடும். பேத்தி அழைக்கும்போது மட்டும் ஒலிக்க வேண்டுமானால், தொடர்புப் பட்டியலில் அவள் பெயரைத் திறந்து, அங்கேயே ரிங்டோனைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பாட்டு வைத்துவிட்டேன். ஆனால் என்னை அழைப்பவர்களுக்குப் பழைய ‘ட்ரிங்’ தான் கேட்கிறதாம். (போர்ட் லூயிஸ் வாசகி)

அவர்கள் கேட்பது உங்கள் போனிலிருந்து வருவதல்ல. தொலைபேசி நிறுவனத்தின் கணினி தரும் ஒலி. அதை மாற்றுவது அந்த நிறுவனம் தரும் தனிச் சேவை. பெரும்பாலும் மாதக் கட்டணம் உண்டு என்பதால் சேர்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதற்கு ஏஎம்ஆர் கோப்பாக மாற்றிக் கொடுத்தார்கள். நாதஸ்வரம் தகரம் தட்டுவதுபோல் இருக்கிறது. (வாக்வா வாசகி)

ஏஎம்ஆர் பேச்சுக்காகவே செய்யப்பட்ட முறை. விநாடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கும். இசையின் மேல் அலைவரிசை அதில் தங்காது. போனில் எம்பி3 பாடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இப்போதைய பட்டன் போன்களில் பெரும்பாலும் இருக்கும். 30 விநாடி, 128 கேபிபிஎஸ் என்றால் கோப்பு சுமார் 480 கிலோபைட்தான். மாற்றும்போது பிட் வீதத்தை நிலையாக வையுங்கள். மாறும் வீதத்தில் சில மலிவு போன்கள் தடுமாறும். பாட்டோடு ஒட்டிவரும் அட்டைப்படத்தையும் கோப்புப் பெயரில் உள்ள தமிழ் எழுத்துகளையும் நீக்கி, சின்ன ஆங்கிலப் பெயர் ஒன்றைக் கொடுத்து புளூடூத்தில் அனுப்புங்கள்.