பதினொன்றாவது பெயரை ஏன் அடித்தீர்கள்?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பன்னிரண்டு மா (ஏறத்தாழ நான்கு ஏக்கர்) நிலம் வைத்து விவசாயம் செய்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கில் 98, இயற்பியலில் 82, வேதியியலில் 78. அதிகம் பேசாத பிள்ளை. தமிழ்நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள் பத்தை எடுத்து, பரப்பளவு, மாணவர் எண்ணிக்கை, விடுதி, வேலைவாய்ப்பு, போக்குவரத்து என்று கட்டம் போட்டு ஒப்பிட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எதில் சேர்க்கலாம்? சென்னைப் பக்கம் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். அதற்காக ஆறு மா நிலத்தை விற்க மகனிடம் சம்மதமும் வாங்கிவிட்டேன். தாளின் அடியில் பதினொன்றாவதாக ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கும். அது மகள் எழுதியது. பெரிய கல்லூரிகளில் சேராது என்பதால் நான்தான் அடித்தேன். பொருட்படுத்த வேண்டாம்.

– ஒரு தந்தை, திருவாரூர் மாவட்டம்

பதில்: ஐயா, பொருட்படுத்த வேண்டாம் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் பொருட்படுத்தினேன். உங்கள் பத்து வரிகளும் நீல மையில், பெரிய எழுத்தில் இருக்கின்றன. பதினொன்றாவது வரி பென்சிலில், தாளின் ஓரத்தை ஒட்டி, இடம் கேட்டு ஒதுங்கி நிற்பது போலப் பொடி எழுத்தில் இருக்கிறது. அதன் மேல் நீங்கள் ஸ்கேலை வைத்துச் சிவப்புப் பேனாவால் இரண்டு முறை கோடு இழுத்திருக்கிறீர்கள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். "குந்தவை நாச்சியார் கல்லூரி, தஞ்சாவூர். பி.எஸ்சி. கணிதம்." பரப்பளவுக் கட்டத்திலும் மாணவர் எண்ணிக்கைக் கட்டத்திலும் சிறு கோடு. வேலைவாய்ப்புக் கட்டத்தில் "டீச்சர்". போக்குவரத்துக் கட்டத்தில் "காலை ரயில்".

நீங்கள் எழுதிய பத்து வரிகளில் ஒன்றிலாவது ஒரு பாடத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. கணக்கில் 98 வாங்கிய பிள்ளைக்காகத் தயாரித்த அட்டவணையில் என்ன படிப்பு என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. படிப்பு, அதற்குப் பிறகான வேலை, போய்வரும் வழி ஆகிய மூன்றையும் யோசித்து எழுதப்பட்ட ஒரே வரி நீங்கள் அடித்த வரிதான். அதிகம் பேசாத பிள்ளை என்கிறீர்கள். அப்படிப்பட்டவள் துணிந்து பென்சிலை எடுத்து உங்கள் அட்டவணையில் ஒரு வரி எழுதியிருக்கிறாள் என்றால், அது எத்தனை நாள் மனத்தில் வைத்திருந்த பேச்சாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? "ஏம்மா இதை எழுதினாய்?" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஸ்கேலைத் தேடி எடுத்துவரவே அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

இனி, நீங்கள் கேட்ட ஒப்பீட்டுக்கு வருகிறேன். பெரியது என்பதை நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்பதுதான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தை எழுதியிருக்கிறீர்கள். 1857இல் தோன்றிய அதன் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதன் மாணவர் கணக்கில் பெரும்பகுதி அதனோடு இணைந்த கல்லூரிகளில் படிப்பவர்கள். இரண்டாவதாகச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஆயிரம் ஏக்கர் என்று குறித்திருக்கிறீர்கள். 1929இல் தொடங்கி, காலப்போக்கில் நம் டெல்டாப் பிள்ளைகளுக்கு மருத்துவம் முதல் இசை வரை ஒரே வளாகத்தில் கொடுத்த இடம் அது என்பதால் எனக்கும் அதன் மேல் மரியாதை உண்டு. ஆயினும் 1979 முதல் தொலைதூரக் கல்வியை நடத்திவரும் பல்கலைக்கழகம் அது. அங்கே பதிவானவர்கள் என்று சொல்லப்படும் எண்ணிக்கையில், தேர்வு எழுதுவதற்குத் தவிர அந்த வளாகத்தை மிதிக்காதவர்கள் மிகப் பலர். அவ்வளவு பெரிய நிறுவனம்தான் சம்பளம் கொடுக்கவே திணறும் நிதி நெருக்கடியில் விழுந்து, 2013இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. ஏக்கர் கணக்கு அதைத் தடுக்கவில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கதை வேறு. 1978இல் அது உருவானபோது அதற்குள் வந்தவை கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகிய நான்கு. இன்றைக்கு அதனோடு இணைந்த கல்லூரிகள் நானூறுக்கும் மேல். நம் பக்கத்துத் திருக்குவளையிலும் பட்டுக்கோட்டையிலும் அதன் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த நான்கில் படிப்பதும் நானூறில் ஒன்றில் படிப்பதும் ஒரே படிப்பு அல்ல. ஆசிரியர் வேறு, ஆய்வகம் வேறு, வளாகத்துக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களும் வேறு. அவை எல்லாவற்றையும் நீங்கள் "அண்ணா பல்கலை" என்று ஒரே வரியில் அடக்கிவிட்டீர்கள்.

நீங்கள் மூணாறு தலைப்பு என்னும் நீர் பிரிக்கும் அணைக்குப் பக்கத்தில் இருப்பவர். வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிவதைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். தலைப்பில் தண்ணீர் கரைபுரள்கிறது என்ற செய்தியை வைத்து நீங்கள் நாற்று விட்டுவிடுவதில்லை. முறை எப்போது வரும், வாய்க்கால் தூர்வாரியிருக்கிறதா, உங்கள் மடையில் எவ்வளவு ஏறும் என்று கேட்ட பிறகுதான் வயலில் இறங்குகிறீர்கள். கடைமடைக்காரர் படும் பாடும் உங்களுக்குத் தெரியும். நிலத்துக்குக் கேட்கத் தெரிந்த அந்தக் கேள்விகளைப் பிள்ளையின் படிப்புக்கு மட்டும் ஏன் கேட்காமல் விட்டீர்கள்?

உங்கள் பட்டியலில் மூன்றாவது, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். 1982இல் அது தனியாக உருவாகும்வரை தஞ்சை, திருச்சிக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பிறகு பாரதிதாசனின் கீழ் வந்தன. நீங்கள் அடித்த குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. அறுபதுகளில் தொடங்கி, ஒரு செங்கல்லும் இடம் மாறாமல், முதலில் உங்கள் பட்டியலின் முதல் பெயரோடும் பின்னர் மூன்றாவது பெயரோடும் சேர்ந்து இருந்துவருகிறது. உங்கள் மகள் அங்கே படித்து வாங்கும் பட்டம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துப் பட்டமே. பட்டியலில் சேராது என்று நீங்கள் அடித்த கல்லூரி உங்கள் பட்டியலின் மூன்றாவது வரிக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது நில விஷயம். கணக்கு மதிப்பெண்ணை முழுதாகவும் இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாகவும் கூட்டினால், உங்கள் மகளின் பொறியியல் கட்-ஆஃப் இருநூற்றுக்கு 178. அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 2021இல் வந்த 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் கலந்தாய்வுக்குப் போகலாம். அப்படிச் சேரும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் அவளே விரும்பிக் கேட்கும் படிப்பாக இருந்தால், ஒரு குழி நிலத்தையும் விற்காமல் படிக்க வழி இருக்கிறது. நீங்கள் சொல்லும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. தங்கள் சேர்க்கையைத் தாங்களே நடத்திக்கொள்கின்றன. அங்கே ஓர் இடம் "தருகிறார்கள்" என்றால் அதற்கு ஒரு விலையும் சொல்கிறார்கள் என்றுதான் பொருள். இந்தத் தகவலை உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரே சொல்லியிருப்பார். அவரிடம் போகாமல், இடம் தருவதாகச் சொன்னவர்களை நம்பி ஆறு மாவை விற்கத் துணிந்திருக்கிறீர்கள்.

மகனிடம் சம்மதம் வாங்கியதை நீங்கள் ஒரு நற்செயலாக எழுதியிருப்பது என்னை வருத்தியது. அது பூர்விக நிலம் என்றால், தமிழ்நாட்டில் 1989 முதலே மகளுக்கும் அதில் மகனுக்குரிய அதே பங்கு உண்டு. நிலம் அவளுடையதும்கூட; படிப்போ முழுக்க அவளுடையது. இரண்டைப் பற்றியும் நீங்கள் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னதையும் அடித்துவிட்டீர்கள். பெண் பிள்ளையைப் படிக்க வைக்க நிலத்தை விற்கத் துணிந்த தகப்பனைக் கடிந்துகொள்வதா என்று உங்களுக்குத் தோன்றலாம். பிள்ளைக்காகப் பெற்றவர் செய்யும் தியாகம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்து, அவள் ஒப்புதலோடு நடக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. கேட்காமல் செய்த தியாகத்தின் பாரத்தைப் பிள்ளைகள்தான் கடைசிவரை சுமக்கிறார்கள். "உனக்காக நிலத்தை விற்றேன்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து, பிடிக்காத படிப்பில் நான்கு ஆண்டும் அரியரோடு மல்லுக்கட்டும் பெண்களின் கடிதங்கள் ஆண்டுதோறும் எனக்கு வருகின்றன. அவர்களின் அப்பாக்களும் நல்லவர்கள்தாம்.

அரசுக் கல்லூரி என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் காலியாகி, கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே துறைகள் நடக்கும் கல்லூரிகள் நம் மாநிலத்தில் நிறைய. ஆகவே தஞ்சாவூருக்கு மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு முறை போய்வாருங்கள். கணிதத் துறையில் எத்தனை பேர் நிரந்தர ஆசிரியர்கள், சென்ற ஆண்டு முடித்தவர்களில் யார் யார் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று விசாரியுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் உங்கள் மகள் தனியாகப் பேசட்டும். நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

டீச்சர் வேலை எளிதில் கிடைத்துவிடாது என்பதையும் மகளிடம் சொல்லியாக வேண்டும். பி.எஸ்சி.க்குப் பிறகு இரண்டு ஆண்டு பி.எட்., அதன் பின் தகுதித் தேர்வு, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு என்று நீளும் பாதை அது, காத்திருப்பும் உண்டு. கணிதத்தில் நன்றாகத் தேறினால் ஜாம் (JAM) என்னும் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ எம்.எஸ்சி. சேரலாம். திருவாரூரில் 2009இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் பட்டப் படிப்பு முடியும்வரை புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் பெயரிலேயே வரும்.

இவ்வளவுக்கும் பிறகு அவளே பொறியியல்தான் வேண்டும் என்று சொன்னால் அதற்குக் குறுக்கே நான் நிற்கமாட்டேன்; நீங்களும் நிற்க வேண்டாம். அவள் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அம்மா கூப்பிட்டுக் கேட்டால் சொல்வாள் என்று அந்த வேலையை வீட்டுப் பெண்கள் மேல் தள்ளாதீர்கள். அடித்தவர் நீங்கள்; கேட்க வேண்டியவரும் நீங்கள்.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலையில் உங்களுக்கு வீட்டில் உட்கார நேரம் இருக்காது. கலைக் கல்லூரி விண்ணப்பமும் கலந்தாய்வுப் பதிவும் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. உங்கள் தாளைத் தனி உறையில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடித்த வரிக்குக் கீழே, சிவப்புக் கோடு படாத இடத்தில், அந்தக் கல்லூரியின் பெயரை உங்கள் நீலப் பேனாவால் நீங்களே மறுபடி எழுதுங்கள். பரப்பளவுக் கட்டத்தை அவள் விட்டது போலவே விட்டுவிடுங்கள். பிறகு பேனாவை அவளிடம் கொடுத்து, எதிரில் உட்காருங்கள்.