நத்தார் பொதி கொடுத்தாயிற்று, ஜனவரிக்கு என்ன செய்வது?

கேள்வி: கொழும்பு மட்டக்குளியில் எங்களுடையது அறுபது குடும்பங்கள் உள்ள சிறிய கிறிஸ்தவ சபை. ஒவ்வொரு நத்தாருக்கும் சுற்றியுள்ள தோட்டக் குடியிருப்புகளிலும் மாடி வீடுகளிலும் நூறு குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம். போன தடவை டோக்கன் கிடைக்காதவர்கள் கேட்டடியில் சண்டை பிடித்தார்கள். பொதி வாங்கிய ஒரு அம்மா, "ஜனவரிக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்து லட்சம் ரூபாய், ஒரு மண்டபம், பத்துப் பதினைந்து ஆட்கள், இவ்வளவுதான் எங்களிடம். வேறு என்ன செய்யலாம்?

பதில்: அந்த அம்மாவைத் தேடிப் பிடியுங்கள், முதல் வேலை அதுதான். அவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, மாதத்தில் எந்தத் தேதியில் காசு முடிகிறது, எந்த ஆபிசில் எந்தக் காரியம் இழுபடுகிறது என்று கேளுங்கள். இப்படிப் பத்து வீடு ஏறி இறங்கினால் போதும். கையில் சர்வே பாரம் வேண்டாம், அந்த மாடி வீட்டு ஆட்கள் ஏற்கனவே எத்தனையோ பேருக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்துக் களைத்துப் போனவர்கள்.

பொதி கொடுப்பது பிழை என்று சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்குப் போன நேரம், அடுப்பு மூட்டி அண்டாவில் சோறு போட்டவர்கள் எல்லோரும் சரியானதைத்தான் செய்தார்கள். அது ஆபத்து நேரம். சாதாரண டிசம்பரில் ஐந்து கிலோ அரிசியும் பருப்பும் சீனியும் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்குக் காணும்? ஐந்து லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் இருப்பது களனி ஆற்று முகத்துவாரத்துப் பக்கம், வெள்ளம் வந்தால் அன்றைக்கே சமைத்த சோறு கொடுக்க அந்தக் காசு வேண்டும்.

மிச்சத்துக்கு என் யோசனை கொஞ்சம் சப்பென்று இருக்கும்: சனிக்கிழமை காலையில் மண்டபத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு போட்டோ கொப்பி மெஷின். பாரம் நிரப்பிக் கொடுப்பது, கடிதம் எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறேன். நான் உதவிக்குப் போன ஒரு மேசைக்கு ஒரு பெண் ஷொப்பிங் பேக் ஒன்றோடு வந்தார். உள்ளே நாலாக மடித்து மடிப்பில் கிழிந்த பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அரசாங்க உதவிப் பணத்துக்கான பழைய சமுர்த்தி அட்டை. 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய கொடுப்பனவு வந்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றும் தெரியாது. பேங்கில் கணக்குத் திறக்கவும் முடியவில்லை. மேசையில் இருந்த ஓய்வுபெற்ற கிளார்க் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறப்புச் சான்றிதழில் "லெட்சுமி", அடையாள அட்டையில் சிங்களத்தில் "லக்ஷ்மி". தமிழில் சொன்ன பெயரை யாரோ தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார்கள், அந்த ஒரு எழுத்துக்காக ஒன்றரை வருசம் அலைந்திருக்கிறார் மனுசி. அன்றைக்கு எழுதிய கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை.

இந்த வேலைக்கு உங்கள் அறுபது குடும்பத்தில் ஆள் இருக்கும். ஓய்வுபெற்ற டீச்சர், பேங்க்காரர், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்தவர், முக்கியமாகச் சிங்களம் சரளமாக எழுதக்கூடிய ஒருவர். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது, தமிழிலேயே கடிதம் கொடுக்க உரிமை இருக்கிறது. ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் கடிதம் மேசைக்கடியில் தூங்கும், அதனால் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. மூலப் பத்திரங்களை ஒருநாளும் வாங்கி வைக்காதீர்கள், கொப்பி மட்டும். "கிடைக்கும்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். யார் வந்தார், எந்த ஆபிசுக்கு அனுப்பினோம் என்று ஒரு சீஆர் கொப்பியில் எழுதி, அடுத்த மாதம் போன் போட்டுக் கேளுங்கள். அப்புறம், தொடங்க முதல் ஜிஎஸ்ஸை, அதாவது கிராம சேவகரை, போய்ப் பார்த்துச் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் தொடங்கினால் தனக்கு எதிராக ஏதோ நடக்கிறதென்று நினைப்பார்.

மண்டபம் பின்னேரங்களில் சும்மாதானே கிடக்கிறது? சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு லைட்டும் ஃபேனும் போட்டுத் திறந்து விடுங்கள். டியூஷன் நடத்தத் தேவையில்லை. டீவி ஓடுகிற மாடி வீட்டில் ஐந்தாறு பேருக்கு நடுவில் கணக்குச் செய்ய முடியாத பிள்ளைக்கு அமைதியான இரண்டு மணித்தியாலமே பெரிய காரியம். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், தனியாக ஒரு பிள்ளையோடு யாரும், பாஸ்டர் உட்பட, இருக்கக்கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எண்ணைச் சுவரில் பெரிதாக ஒட்டுங்கள்.

அடுத்தது எல்லோரும் மெல்லக் கதைக்கிற விசயம். "மதம் மாற்ற வந்திருக்கிறார்கள்" என்ற பேச்சு ஒருதடவை கிளம்பினால் நீங்கள் செய்த அத்தனையும் போச்சு. மேசையில் துண்டுப்பிரசுரம் வேண்டாம், வந்தவரின் தலையில் கைவைத்து ஜெபிக்கவும் வேண்டாம், அவர் கேட்டால் வேறு. கோயில் தர்மகர்த்தாவையும் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் பன்சாலை ஹாமுதுருவையும் (பௌத்த விகாரைப் பிக்குவையும்) முன்கூட்டியே பார்த்து, அவர்களுடைய ஆட்களையும் அனுப்பச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் எல்லா மதத்தவரும் வந்து மெழுகுதிரி கொளுத்துகிற ஊர் இது, உங்கள் மேசைக்கு வருவதற்கும் யோசிக்கமாட்டார்கள்.

படமும் எடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர் கேட்டால் சீஆர் கொப்பியின் கணக்கை, பெயர்களை மறைத்து அனுப்புங்கள்.

முதல் இரண்டு சனிக்கிழமை ஈ காக்கை வராது. பயப்பட வேண்டாம், மேசையை கேட்டுக்குப் பக்கத்தில், ரோட்டில் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரிப் போடுங்கள். ஜனவரி பற்றிக் கேட்ட அம்மாவை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள், வரும்போது வீட்டில் பத்திரங்கள் வைத்திருக்கிற பையை அப்படியே தூக்கிக்கொண்டு வரச் சொல்லி.