பழைய பைப் ஓர்கனை வன்னிக் கோயிலுக்குக் கொண்டுவருதல்: கேள்வி பதில்

மன்னாரிலிருந்து: இங்கிலாந்துக் கிறிஸ்தவக் கோயிலொன்று, குழல்களில் காற்று ஊதி ஒலிக்கும் தன் பழைய ஓர்கனைத் தருகிறது. கழற்றும்போது முதல் வேலை என்ன?

கழற்றாமல் அளப்பது. ஓர்கன் ஊதும் நிலையிலேயே காற்றழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வளைத்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் விட்டால் இரு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே அழுத்தம். பல பழைய ஓர்கன்களில் 3 அங்குலமளவில் இருக்கும். உலோகக் குழல்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை, தம் பாரத்திலேயே நசியும். ஒவ்வொன்றையும் இலக்கமிட்டுக் கடதாசியில் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பெட்டியில் வையுங்கள். குழலின் வாய்த்துளை உதடு சற்று வளைந்தாலே குரல் கெட்டுவிடும்.

முல்லைத்தீவிலிருந்து: கூரை 12 அடிதான். 16 அடிக் குழல் நிற்குமா அண்ணை?

மேல்முனை மூடிய மரக்குழல் என்றால் பாதி நீளந்தான், தாராளமாக நிற்கும். திறந்த குழலை மடித்துப் பொருத்தலாம், வெட்டக் கூடாது.

வவுனியாவிலிருந்து: அங்கே A சுரம் 440 ஹேர்ட்ஸ் சுருதி. இங்கே எங்கள் கீபோட்டோடு சேருமா?

சேராது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால் குழலின் சுருதி ஏறும். 15 பாகை செல்சியசில் 440 என்றால் 30 பாகையில் ஏறக்குறைய 451. அதாவது அரைச்சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி. குழல்களைத் திருத்தி 440க்கு இறக்கச் சிலர் சொல்வார்கள், தயவுசெய்து விடாதீர்கள். அந்தக் குழல்களின் குரலுக்காகத்தானே இவ்வளவு தூரம் கொண்டுவருகிறீர்கள்! கீபோட்டின் சுருதியை 451க்கு உயர்த்துவது சுலபம். உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழல்கள் சூட்டுக்கு அவ்வளவு ஏறா. அவற்றை மற்றவற்றுக்கேற்பத் திருத்துங்கள். பூசை நேரத்துச் சூட்டிலேயே, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து: துருத்தித் தோலை எதால் ஒட்டுவது?

செம்மறித் தோலும் சூடாக்கிய வச்சிரமும். தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை வேண்டாம். அடுத்த முறை தோல் மாற்றும்போது மரமும் சேர்ந்து பிய்யும். வந்த மரத்தைச் சில மாதம் கோயிலுக்குள்ளேயே பழகவிட்ட பிறகே, குழல்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் காற்றுப்பெட்டியைத் திருத்துங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் பலகை சுருங்கி வெடித்தால் ஒரு சுரத்தின் காற்று பக்கத்துச் சுரத்துக்குள் கசியும். வெயில் காயும் மேற்குச் சுவரோடு ஓர்கனை வைக்காதீர்கள். எலிக்குத் தோல் பிடிக்கும். ஓட்டைகளைக் கம்பிவலையால் அடையுங்கள்.

மன்னாரிலிருந்து மீண்டும்: பொருத்திய பிறகு ஒரு சுரம் கையை எடுத்தாலும் ஊதிக்கொண்டிருந்தால்?

பெரும்பாலும் காற்றுப்பெட்டிக்குள் காற்றை அடைக்கும் சிறு பலகையின் தோலில் தூசி சிக்கியிருக்கும். அந்தச் சுரத்துக்கு விரலால் அழுத்தும் கட்டையைச் சில தடவை சட்டென்று அழுத்தி விடுங்கள். போகாவிட்டால் காற்றூதும் இயந்திரத்தை நிறுத்திப் பெட்டியைத் திறந்து துடையுங்கள். அந்தப் பலகையை மூடும் வில்சுருள் களைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சுரம் ஊமையாகிப் போனால் குழலின் வாயைப் பாருங்கள், குளவி மண்கூடு கட்டியிருக்கும். மென்தூரிகையால் மட்டும் எடுங்கள்.