பத்து வரி பேட்ச்தானே, ரிவ்யூவுக்கு ஏன் இத்தனை நாள்?

லினக்ஸ் கர்னலின் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) மெமரி பகுதியில் வேகம் கூட்டும் பத்து வரி மாற்றம், வேகம் கூடியதற்கு எண்களும் இருக்கின்றன, பிறகும் ஏன் ரிவ்யூவில் இத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் நாள் எடுத்துக்கொள்பவன்தான். எண்களைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, எந்த வரி போயிருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது என்பதை.

காரணம் எம்ரீமேப்பில் (mremap) இருந்த ஒரு பிழை. ஒரு மெமரி பகுதியை வேறு முகவரிக்கு நகர்த்தச் சொல்லி புரோகிராம் கர்னலைக் கேட்கும் அழைப்பு (சிஸ்டம் கால்) அது. நகர்த்தியதும் பழைய முகவரியை பிராசஸரின் எல்லா கோர்களின் டிஎல்பியிலிருந்தும் துடைக்க வேண்டும். எந்த முகவரி மெமரியில் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு கோரும் குறித்து வைத்திருக்கும் சிறு நினைவகம்தான் டிஎல்பி. கோர்களுக்கு இன்டரப்ட் (வேலையை இடைமறிக்கும் சிக்னல்) அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருப்பதால் செலவு அதிகம். அதனால் மெமரியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் (பேஜ் எனும் சிறு துண்டு) தனியாக ஒரு ஃப்ளஷ், அதாவது துடைப்பு, வேண்டாம், கடைசியில் மொத்தமாக ஒன்று போதும் என்று 3.2 பதிப்பில் மாற்றினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஃப்ளஷ் நடப்பதற்குள் பேஜ் டேபிளை (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்ற பட்டியல்) ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் மாற்றும்படி காக்கும் லாக் கைவிட்டுப் போயிருந்தது. அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் (அதே நேரத்தில் கூடவே ஓடும் வேலை) எஃப்டிரன்கேட் செய்து ஃபைலைச் சுருக்கினால் பக்கம் விடுவிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விடும். பழைய டிஎல்பி பதிவு மட்டும் சற்று நேரம் உயிரோடு இருக்கும். அதன் வழியாக அடுத்தவர் மெமரியைத் தொடலாம். 3.2 வந்தது 2012 ஜனவரியில். இதைத் திருத்தியது 2018 அக்டோபரில்!

சமீபத்தில் என்னுடன் வேலை செய்யும் தம்பி ஒருவர் பேஜ் ஃபால்ட் பாதையில் (இன்னும் பக்கம் தரப்படாத முகவரியைத் தொடும்போது ஓடும் கோட்), அங்கே ஏற்கெனவே பக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு இஃப் வரியை எடுத்திருந்தார். "மேலேயே பார்த்துவிட்டோமே அண்ணா, இது எதற்கு?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் மேலே பார்த்தது லாக் இல்லாமல். புதுப் பக்கம் ஒதுக்கி, லாக் எடுத்து வருவதற்குள் இன்னொரு த்ரெட் அதே இடத்தில் தன் பக்கத்தை வைத்து, எழுதவும் தொடங்கியிருக்கலாம். மறுபடி பார்க்காவிட்டால் அதன் மேல் நம்முடைய வெற்றுப் பக்கத்தை வைத்துவிடுவோம். அந்த த்ரெட் எழுதியதெல்லாம் போச்சு.

அவர் ஓட்டிய டெஸ்டில் ஒரே த்ரெட்தான், அதனால் எதுவும் உடையவில்லை. சரி, இரண்டு த்ரெட் ஒரே பக்கத்தைத் தொடுகிற மாதிரி சேர்ந்து எழுதி ஓட்டினோம். இருபது நிமிடத்தில் ஒரு எண் பூஜ்யமாகத் திரும்பி வந்தது. இஃப் வரியைத் திரும்ப வைத்து, ஏன் இருக்கிறது என்று மேலே ஒரு கமென்ட்டும் எழுதினார். அவருடைய பேட்ச்சின் மீதி வரிகளில் குறை இல்லை. அன்று மாலையே ஒப்புதல் கொடுத்தேன்.