யாருக்காகவும் இல்லை

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்கு 46 வயது. வங்கியில் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. காதல் தோல்வியோ ஜாதகக் கோளாறோ கிடையாது. இருபத்தைந்து வயதில் எனக்கு அதில் மனம் செல்லவில்லை, பிறகும் செல்லவில்லை. அப்பா பக்கவாதத்தில் ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். அப்போது ஒருவர் கல்யாணத்தைப் பற்றிக் கேட்க, "அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே" என்றேன். கேட்டவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எல்லோரிடமும் அதையே சொல்கிறேன். நச்சரிப்பு நின்றுவிட்டது. இப்போது மனைவியை இழந்த ஒருவரின் வரன் வந்திருக்கிறது. அம்மாவுக்கு 74 வயது. "எனக்குப் பிறகு உனக்கு யார்?" என்று தினமும் அழுகிறார். அவர் நிம்மதிக்காகச் சம்மதித்துவிடலாமா? தனியாக முதுமையைக் கடக்க முடியுமா? பெண் தனியாக இருப்பது இயற்கைக்கு மாறானது என்கிறான் தம்பி. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொன்னதை அவரிடமே விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் தேடி ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க வேண்டாம். முதுமையைப் பற்றியும் அதிகம் சொல்வதற்கில்லை. கணவனும் மூன்று பிள்ளைகளும் இருந்தும் கடைசிக் காலத்தில் ஒரு வாய் தண்ணீருக்கு வாசலைப் பார்த்துக் கிடந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடம்பு விழும்போது யார் வந்து நிற்பார்கள் என்பது தாலியை வைத்து முடிவாவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு இடம். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். "எல்லோரிடமும் அதையே சொல்கிறேன்." ஏன் அம்மா இப்படிச் செய்தீர்கள்? எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. எதையும் ஒளிக்காமல் இருபது வருடம் நேர்மையாக வாழ்ந்திருக்கிறீர்கள். அந்த வாழ்க்கையைத் தூக்கி அப்பாவின் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டீர்களே. அப்பாவை நீங்கள் பார்த்துக்கொண்டது உண்மை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்ததும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போட்டதுதான் பொய். அந்த முடிச்சு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதன் பலனைத் தின்று வளர்ந்தவன் நான்.

என் அத்தை 1937இல் பிறந்தவர். அப்பாவுக்கு அக்கா. பண்ருட்டியில் கணக்கு டீச்சர். என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கல்லூரிக் கட்டணம் கட்டியது அவர் சம்பளம். சின்ன அத்தையின் கல்யாணத்துக்கு நகை வாங்கியதும் அதுதான். "அக்கா எங்களுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டது" என்று அப்பா சொல்லும்போது குரல் தழுதழுக்கும். விசேஷங்களில் அவர் காலில் விழுந்து கும்பிடச் சொல்வார்கள். கும்பிட்டுவிட்டு நாங்கள் பந்திக்குப் போவோம்.

திங்கட்கிழமைகளில் அத்தை என்னைத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போவார். திலகவதியார் கதையை அங்கேதான் கேட்டேன். நிச்சயம் செய்த கலிப்பகையார் போரில் இறந்துபோகிறார். பெற்றோரும் இல்லை. உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பி தனியாகிவிடுவானே என்று உயிரோடு இருக்கிறார். திருவதிகையில் கோயிலைக் கூட்டி மெழுகி, பூத்தொடுத்துக் காலத்தைக் கழிக்கிறார். தம்பி சமணத்துக்குப் போய், சூலை நோயோடு திரும்பி வரும்போது திருநீறு கொடுத்து ஏற்றுக்கொள்கிறார். அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர். கதை முடிந்ததும், "நீங்களும் அப்பாவுக்காகத்தானே அத்தை?" என்று கேட்டேன். எனக்குப் பத்து வயது. கோயில் வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே அத்தை சொன்னார்: "திலகவதிக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை இறந்துபோனார். எனக்கு யாரும் இறக்கவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரித்தார். "அக்காவுக்குப் பெரிய மனசு. அப்படித்தான் சொல்லும்" என்றார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு பெண்ணைத் தியாகி என்று முடிவு கட்டிவிட்டால் அவள் மறுப்பதும் தியாகக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். உண்மையைச் சொல்லவும் அவளுக்கு வாய் இல்லாமல் போகிறது. என் அத்தையின் கதையாவது அடுத்தவர்கள் கட்டியது. உங்கள் கதையை நீங்களே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நம் ஊரில் ஔவையைப் பற்றி ஒரு கதை உண்டு. கல்யாணப் பேச்சு நெருக்கியபோது பிள்ளையாரிடம் அழுது முதுமையைக் கேட்டு வாங்கினாராம். குழந்தைகளுக்கு ஆசையாகச் சொல்கிறோம். எனக்கு அது நெஞ்சை அடைக்கும் கதை. ஒரு பெண் "வேண்டாம்" என்று சொன்னால் போதாது, நரைத்து உடல் குனிந்து வந்து நின்றால்தான் விடுவோம் என்று நாமே ஒத்துக்கொள்ளும் கதை அல்லவா அது? வறுமையில் இருக்கும் திருமணமாகாத பெண்களுக்குத் தமிழக அரசு தரும் ஓய்வூதியம்கூட 50 வயதுக்குப் பிறகுதான். ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விதி வகுத்தபோது, திருமணமாகாமல் தனித்திருந்து குடும்பத்தை நடத்தும் பெண்ணையும் குடும்பத் தலைவி என்றே எழுதினார்கள். உங்கள் சம்பளத்துக்கு அந்த ஆயிரம் ரூபாய் வராது. ஆனால் அந்த வாசகம் உங்களுடையது. அத்தை அதைப் பார்க்க இருக்கவில்லை.

அத்தையிடமே திரும்புகிறேன். 1989இல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு வந்தது. அந்த வருடம் மார்ச் 25க்கு முன்பே திருமணம் ஆனவர்களுக்கு அப்போது அந்தப் பங்கு இல்லை. ஆக, சின்ன அத்தைக்கு இல்லை, 52 வயதில் மணமாகாமல் இருந்த அத்தைக்கு உண்டு. தாத்தா இறந்த மறுவருடம், 1995இல், அத்தை பணி ஓய்வு பெற்ற கையோடு விடுதலைப் பத்திரம் தயாரானது. தன் பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுப்பதாக. "எங்களுக்காகவே வாழ்ந்தவள், இதையா கேட்கப் போகிறாள்?" என்றார் அப்பா. கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். கட்டைவிரல் மையைத் துடைக்க என் கைக்குட்டையைத்தான் நீட்டினேன்.

சேமநிதிப் பணத்தில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டார். அவரோடு வேலை பார்த்த இன்னொரு டீச்சர், அவரும் மணமாகாதவர், அங்கே வந்து சேர்ந்தார். பதினாறு வருடம் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பீரோக் கண்ணாடியின் இடது ஓரத்தில் அத்தையின் பெரிய அரக்குப் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். வலது ஓரத்தில் அந்த டீச்சரின் கடுகளவு கறுப்புப் பொட்டுகள். கடைசி இரண்டு வருடம் அத்தையைத் தூக்கி உட்கார வைத்ததும், மலம் மூத்திரம் எடுத்ததும் அந்த டீச்சர்தான். நாங்கள் மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

2011இல் அத்தை இறந்தார். உயில் இல்லை. மணமாகாத, பிள்ளையில்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், சட்டப்படி சொத்து தாய் தந்தைக்குப் போகும். அவர்களும் இல்லையென்றால் தந்தையின் வாரிசுகளுக்கு. அதாவது உடன்பிறந்தவர்களுக்கு. ஒவ்வொரு செங்கல்லும் சொந்தச் சம்பாத்தியம் என்பதால் எதுவும் மாறிவிடாது. பதினாறாம் நாள் முடிந்த வாரம் வீடு விலை பேசப்பட்டது. யாரும் அந்த டீச்சரைத் திட்டவில்லை, விரட்டவில்லை. "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். கிளம்பும் நாள் காலையில் அவர் பீரோவின் முன்னால் நின்று, தன்னுடைய கறுப்புப் பொட்டுகளை மட்டும் நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். பீரோ எங்களுடையது அல்லவா? நான் கதவருகே நின்று பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது, வாய் திறக்கத் தெரியாத வயதில்லை. அந்த பீரோ இன்று என் வீட்டில் இருக்கிறது.

இப்போது புரிகிறதா, நான் ஏன் கோபப்பட்டேன் என்று? உங்கள் தியாகக் கதையைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்கள் அந்தக் கதையை நம்புகிறார்கள். பிறருக்காக வாழ்ந்தவள் விட்டுச் செல்வதெல்லாம் பிறருடையதுதானே என்று நினைப்பார்கள். கெட்ட எண்ணத்தோடு அல்ல, நன்றியோடு.

ஆகவே உயில் எழுதுங்கள். இந்த மாதமே. வெள்ளைத் தாள் போதும், முத்திரைத் தாள் வேண்டாம். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்துவிடுங்கள், பின்னால் யாரும் பேச இடமிருக்காது. மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். நாமினி போட்டிருக்கிறேனே என்று இருந்துவிட வேண்டாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல என்று வங்கியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால், அம்மாவுக்குப் பிறகு சட்டம் தேடிப் போவது உங்களை இயற்கைக்கு மாறானவள் என்று சொன்ன தம்பியைத்தான். அவருக்கே கொடுக்க விருப்பமென்றால் தாராளமாகக் கொடுங்கள். உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.

அம்மாவிடமும் பேச வேண்டும். அப்பாவால் மகளின் வாழ்க்கை போயிற்று என்று அந்த முதியவர் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கலாம். அவர் அழுவதில் பாதி அதற்காகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாவுக்காக இல்லை அம்மா, எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தேன்" என்று சொல்லுங்கள். முதல் நாள் நம்ப மாட்டார். மறுநாளும் சொல்லுங்கள்.

வரனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த மனிதரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. என்ன வேலை, எப்படிப் பேசுவார், பார்த்தீர்களா இல்லையா, எதுவும் இல்லை. பிடித்திருந்தால் எழுதியிருப்பீர்கள். அவரும் துணையை இழந்தவர். உங்கள் அம்மாவின் நிம்மதிக்காக அவரைக் கட்டிக்கொள்வது அவருக்கும் செய்கிற அநியாயம்.

உயில் எழுதி முடித்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள். யார் பெயருக்கு என்று சொல்ல வேண்டாம்.