தன் ஓவியத்தைத் தானே பார்ப்பது

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கவின்கலைக் கல்லூரி ஒன்றில் ஓவியப் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆண்டு இறுதியில் எங்கள் படங்களைக் காட்சிக்கு வைப்பதோடு, ஒவ்வொருவரும் தம் படங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியும் தர வேண்டும். அதை எழுத உட்கார்ந்தபோதுதான் இதுவரை வரைந்த எல்லாவற்றையும் ஒருசேர எடுத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சோர்வுதான் வந்தது. முதலாண்டுப் படங்களில் தவறுகள் கண்ணை உறுத்துகின்றன. இப்போது வரைபவற்றில் தவறு குறைந்திருக்கிறது. கூடவே உயிரும் குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அண்மையில் எங்கள் படங்களைப் பார்க்க வந்த ஓர் ஓவியர், “எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

குறிப்பின் முதல் வடிவத்தையும் மூன்று படங்களையும் இணைத்திருக்கிறேன். ஒன்று, காட்சிக்காக வரைந்துகொண்டிருக்கும் பெரிய அக்ரிலிக் ஓவியம். இரண்டாவது, எழும்பூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து சார்க்கோலில், அதாவது கரிக்கோலில், வரைந்தது. மூன்றாவது, விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாச்சி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்ததைப் பழைய கணக்கு நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்தது. இதைக் காட்சியில் வைக்கும் எண்ணம் இல்லை. எனக்குப் பிடிக்கும் என்பதால் அனுப்புகிறேன். என் படங்களை நானே எப்படிப் பார்ப்பது? பழையவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

அன்புடன்,
ஓர் ஓவிய மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். “என் ஓவியங்கள் பெண்ணின் அடையாளத்தையும் மண்ணோடு அவளுக்குள்ள உறவையும் பேசுகின்றன” என்பது முதல் வாக்கியம். அதன்பின் நினைவு, வேர், இழப்பு என்று குறிப்பு வளர்கிறது. மனமறிந்து பொய்யாக எதையும் நீங்கள் எழுதவில்லை என்பது தெரிகிறது. ஆனால் அந்த இரண்டு பக்கங்களில் ஒரு கோட்டைப் பற்றியோ, ஒரு நிறத்தைப் பற்றியோ, தாளில் வெறுமையாக விட்ட ஓர் இடத்தைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. உங்கள் வகுப்பில் யாருடைய படத்தின் கீழே அதை ஒட்டினாலும் பொருந்திப் போகும். எதை வரைய நினைத்தீர்கள் என்பதை எழுதியிருக்கிறீர்கள். எது வரையப்பட்டிருக்கிறது என்பதை இன்னும் பார்க்கவில்லை.

அதைப் பார்ப்பதற்கு உங்கள் மூன்று படங்களில் மிகச் சிறியதையே எடுத்துக்கொள்கிறேன். அம்மாச்சியின் முகத்தை மூன்று நான்கு கோடுகளோடு விட்டுவிட்டீர்கள், கண்கூட இல்லை. கூந்தல் ஒரு சுழிப்பு. சேலை மடிப்புகள் போகிற போக்கில் வந்தவை. இடது கை ஒரு பூவைப் பிடித்திருக்க, வலது கட்டை விரலின் நகம் அதன் நடுவிலுள்ள ‘கள்ளன்’ என்ற நரம்பைக் கிள்ளி எடுக்கிற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டிருக்கிறது. அந்த நகத்தின் விளிம்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை இழுத்திருக்கிறீர்கள். மை திரண்டு தாள் சற்றுப் பள்ளமாகியிருப்பது புகைப்படத்திலேயே தெரிகிறது. சுட்டு விரலின் முதல் கணு முதலில் தவறாக விழுந்து, அழிக்க வழியில்லாததால் பக்கத்திலேயே சரியான கோடு வந்திருக்கிறது. அந்த இரண்டு கோடுகளும் சேர்ந்துதான் விரல் அசைவதுபோல் காட்டுகின்றன. ஆய்ந்த பூக்கள் கிடக்கும் முறம் தாளின் ஓரத்தில் பாதியோடு வெட்டுப்படுகிறது, ஏனென்றால் கைகளைப் பெரிதாக வரைந்ததில் முறத்துக்கு இடம் மிஞ்சவில்லை. இவற்றில் எதையும் நீங்கள் திட்டமிட்டிருக்க மாட்டீர்கள். வேலை செய்கிற கையின் மீது உங்களுக்குள்ள அக்கறை, தாளின் இடத்தை இப்படிப் பங்கு போட்டிருக்கிறது.

ரயில் நிலையப் படத்திலும் இதையே காண்கிறேன். தூண்களும் கூரையும் வகுப்பில் கற்ற பர்ஸ்பெக்டிவ் (தூரக்காட்சி) விதிப்படி ஒழுங்காக நிற்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பெஞ்சில் தூங்குகிறவரின் பையின் வார் அவருடைய மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறதே, அங்கேதான் கரி அழுத்தமாக விழுந்திருக்கிறது. தூக்கத்திலும் பையை விடாத அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அக்ரிலிக் ஓவியத்துக்கு வருகிறேன். நடுவில் ஒரு பெண்ணின் முகம், தலைமுடி வேர்களாகி மண்ணுக்குள் இறங்குகிறது, பின்னணியில் ஜாதகக் கட்டங்களும் ஓலைச்சுவடி எழுத்துகளும். வண்ணத்தைக் கையாளத் தெரிந்திருக்கிறது. மண் நிறத்திலிருந்து கருநீலத்துக்குப் போகிற இடம் நன்றாகவே அமைந்திருக்கிறது. ஆனாலும் இது கையிலிருந்து வந்த படமாக எனக்குத் தெரியவில்லை. கட்டங்களும் எழுத்தும் எங்கிருந்து வந்தன என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையை 1963இல் தொடங்கியதிலிருந்து, சென்னை ஓவியச் சூழலில் அவை எளிதில் கைக்கு எட்டும் பொருளாகிவிட்டன. பணிக்கர் 1911இல் பிறந்தவர். இளமையிலேயே நீர்வண்ண நிலக்காட்சிகள் வரைந்து, பிறகு மனித உருவங்களில் பல ஆண்டுகள் உழைத்து, ஐம்பது வயதைக் கடந்தபின் அந்தக் குறியீடுகளுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அது அதுவரை வரைந்தவற்றின் தொடர்ச்சி. உங்களுக்கு அது தொடக்கத்திலேயே கிடைத்த விடையாக இருக்கிறது. அந்த விடைக்கான கேள்வி நீங்கள் அனுப்பிய மற்ற இரண்டு படங்களில் எங்கும் இல்லை. பிறருடையதை எடுத்தாள்வது தவறென்று சொல்லவில்லை. எடுத்ததை உங்கள் கண் ஒருமுறையாவது சோதித்திருக்க வேண்டும்.

தவறு குறையக் குறைய உயிரும் குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரு காரணம் உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. அக்ரிலிக் ஓவியத்தின் முகத்தை அலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். புகைப்படம் மூக்கையும் காதணியையும் பின்சுவரையும் ஒரே கவனத்தோடு தந்துவிடுகிறது. அதைப் பார்த்து வரைபவர் எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு முடித்து வைக்கிறார். எதிரில் உட்கார்ந்து வரையும்போது அம்மாச்சி எழுந்து போய்விடக்கூடும், தூங்குபவர் விழித்துவிடக்கூடும். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று கை அந்தக் கணத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். நீங்கள் உயிர் என்று சொல்வது பெரும்பாலும் அந்த முடிவுகளைத்தான் என்று நினைக்கிறேன். திறமை கூடியதால் அது போய்விடவில்லை. முடிவெடுக்கும் தேவை இல்லாத வேலைமுறைக்கு நீங்கள் மாறியதால் போயிருக்கிறது.

இனி அந்த ஓவியர் கேட்ட கேள்வி. அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். இருந்தாலும் இருபது வயதில் இருப்பவரிடம் கேட்பதற்கு அது உதவாத கேள்வி என்பதே என் எண்ணம், ஏனென்றால் அதைக் கேட்டவுடன் மாணவர் படத்தை விட்டுவிட்டுத் தன்னைத் தேடப் போய்விடுகிறார். சாதி, ஊர், பாலினம், குடும்பத்துத் துயரம் என்று எதையாவது கொண்டுவந்து படத்தின் நடுவில் வைக்கிறார். பயன்படும் விமர்சனம் எப்படியிருக்கும் என்பதற்கு வான்கோவின் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். 1884-85 குளிர்காலம் முழுவதும் நூனென் என்ற ஊரில் குடியானவர்களின் தலைகளையும் கைகளையும் வரைந்து பழகிய பிறகு, 1885 வசந்தத்தில் அவர் ‘உருளைக்கிழங்கு உண்போர்’ ஓவியத்தைத் தீட்டினார். அதன் லித்தோகிராஃப் (கல்லச்சு) பிரதி ஒன்றை ஓவிய நண்பர் அந்தோன் வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். ராப்பார்ட் கடுமையாக எழுதினார். பின்னால் இருக்கும் பெண்ணின் கை உண்மையாக இல்லை என்றும், காப்பிக் கெண்டி மேசைமேல் நிற்கவும் இல்லை, யாரும் அதைப் பிடித்திருக்கவும் இல்லை என்றும் இடம் சுட்டிச் சொன்னார். வான்கோ சினந்து அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பினார். நட்பும் சில மாதங்களில் முறிந்தது. ஆனால் அந்தக் கோடையில் அவர் வரைந்தவற்றைப் பாருங்கள்: குனிந்து கதிர் பொறுக்கும் பெண்கள், மண் கொத்தும் ஆண்கள் என்று, உடல்களின் திரட்சியைப் பிடிக்க முயலும் பெரிய கோட்டோவியங்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தங்கைக்கு எழுதியபோதும், தான் வரைந்தவற்றில் சிறந்தது அந்த உருளைக்கிழங்கு ஓவியமே என்றார். கெண்டி நிற்கவில்லை என்பது சரிபார்க்கக்கூடிய குறை. நீ எங்கே என்பதை எதைக்கொண்டு சரிபார்ப்பது?

அந்தக் கேள்விக்கு உண்மையில் ஒரு பதில் உண்டென்றால், அதை ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களில் காணலாம். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் காந்தியைக் கறுப்பு மையில் தொடர்ந்து வரைந்தார். காந்தியைவிடப் பொதுவான ஒரு பொருள் நம் நாட்டில் கிடையாது. அந்த உருவத்தில் ஆதிமூலத்துக்கு மட்டும் சொந்தமானது எதுவும் இல்லை. ஆனாலும் அவற்றில் ஒன்றைக் கையெழுத்தை மறைத்துக் காட்டினாலும் அவருடையது என்று நம்மில் பலர் சொல்லிவிடுவோம். புறக்கோட்டால் உருவத்தை மூடிவிடாமல், கோட்டின்மேல் கோடாக அடர்த்தியைச் சேர்த்து, தேவையான இடத்தில் வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிடும் அந்த முறையில் அவர் இருக்கிறார். திருச்சிப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்தவர் என்பதை அவர் தம் படத்துக்குள் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே உங்கள் படங்களை இப்படிப் பாருங்கள் என்று சொல்வேன். எல்லாவற்றையும் தேதி வரிசையில் தரையில் பரப்புங்கள். நல்லது, கெட்டது என்று பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் கை எங்கே மெதுவாகச் சென்றிருக்கிறது, எங்கே பழக்கத்தால் ஓடியிருக்கிறது, எதை வரையாமல் தவிர்த்திருக்கிறது என்பதை மட்டும் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பிறர் படத்தில் தெரியும் பிழை தன் படத்தில் தெரிவதில்லை என்று லியொனார்டோ தம் குறிப்புகளில் எழுதி, அதற்கு வழியாக ஓவியத்தைக் கண்ணாடியில் பிரதிபலித்துப் பார்க்கச் சொன்னார். இடவலம் மாறும்போது அது வேறொருவர் படம்போல் தெரியும். அலைபேசியில் படத்தைத் திருப்பிப் பார்த்தாலும் அதே பயன்தான். அக்ரிலிக் ஓவியத்தை அப்படிப் பார்த்தால், முகம் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதை உடனே காண்பீர்கள். இந்தப் பென்சில் குறிப்புகளே உங்கள் இரண்டு பக்கங்களுக்கு மூலப்பொருள். “இந்த ஆண்டு நான் வரைந்தவற்றில் முகங்களைவிடக் கைகள் அதிகம், முகத்தை வரைய நான் தயங்கியிருக்கிறேன்” என்று ஒரு வாக்கியம் எழுத முடிந்தால், அடையாளத்தைப் பற்றிய ஒரு பக்கத்தை அடித்துவிடலாம். அந்தத் தயக்கம் ஏன் என்பது உங்களுக்கு இப்போதே தெரிய வேண்டும் என்பதில்லை. அதையும் அப்படியே எழுதலாம்.

அக்ரிலிக் ஓவியத்தைக் கைவிட வேண்டாம். பின்னணியின் கட்டங்களையும் எழுத்தையும் மண் நிறத்தால் மூடிவிட்டு, அந்த இடத்தில் என்ன வேண்டும் என்பதைக் கண்ணெதிரே இருக்கும் ஒன்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கணக்கு நோட்டுப் பக்கத்தைக் காட்சியில் கட்டாயம் வையுங்கள். சிவப்புக் கோடுகளையும் மளிகைக் கணக்கையும் மறைக்காமல், ஓரத்தை வெட்டாமல் வையுங்கள். பால்பாயின்ட் மை வெளிச்சத்தில் வெளுத்துவிடும், வெயில் விழும் சுவர் மட்டும் வேண்டாம்.

பழையவற்றைக் கிழிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஓவியர் பால் கிளீ 1911இல் தம் படைப்புகளுக்குத் தம் கையாலேயே ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினார். சிறுவயதில் வரைந்தவற்றில் சிலவற்றைத் தேர்ந்து அதில் சேர்த்துக்கொண்ட அவர், பயிற்சிக் காலத்தில் வரைந்தவற்றைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. எது தன்னுடையது என்பதை முப்பது வயதுக்குமேல், பின்னோக்கிப் பார்த்து அவரால் பிரிக்க முடிந்தது. 1940இல் இறக்கும்வரை தொடர்ந்த அந்தப் பட்டியலில் ஏறத்தாழ 9,000 படைப்புகள் உள்ளன. உங்கள் முதலாண்டுத் தாள்களில் எது பட்டியலுக்குரியது, எது வெறும் பயிற்சி என்று தீர்ப்புச் சொல்லும் நிலையில் இன்று நீங்களும் இல்லை, நானும் இல்லை. ஒவ்வொன்றின் பின்னும் தேதியையும் இடத்தையும் எழுதுங்கள். சார்க்கோல் படங்களுக்குக் கரியைத் தாளில் பிடித்துவைக்கும் ஃபிக்சட்டிவ் அடித்து, நடுவே பட்டர் பேப்பர் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். சுருட்டி வைத்தால் கரி உதிர்ந்துவிடும். குறிப்பைத் திருத்தி எழுதியதும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்